பெரிய ஸ்விம்பெயிட்டில் கொடுவா: முட்டுக்காட்டுக் கரையில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

வாரக் கடைசியானால் விடியற்காலையில் முட்டுக்காடு, கோவளம் பக்கம்தான் நிற்பேன். தூண்டில் நுனியில் ஒரு சாண் நீளத்துக்கு ரப்பர் மீன் தொங்குவதைப் பார்த்ததும் யாராவது வந்து பக்கத்தில் நின்றுவிடுவார்கள். கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். பதில்களில் பாதி நான் நின்று பார்த்தது, மீதி என்னைவிட அதிக நாள் நின்றவர்களிடம் கேட்டுக்கொண்டது.

அண்ணே, ஸ்விம்பெயிட்னா என்ன? ரப்பர் மீன்தானே, அதுக்கு எதுக்குத் தனிப் பேரு?

ரப்பர் மீன் என்பது சரிதான், ஆனால் எல்லா ரப்பரும் ஸ்விம்பெயிட் ஆகாது. நிஜ மீன் நீந்துகிற மாதிரியே உடம்பையும் வாலையும் ஆட்டிக்கொண்டு வருவதற்காகச் செய்த லூர், அதாவது செயற்கை இரை, இது. மெத்தென்ற உடம்பும் துடுப்பு மாதிரி வாலும் உள்ளதைத்தான் நம் ஊரில் அதிகம் பார்க்கலாம். ரீலை, அதாவது தூண்டில் நரம்பு சுற்றியிருக்கும் உருளையை, சுற்றினால் வால் இடமும் வலமுமாக அடிக்கும். மரத்திலோ கெட்டி பிளாஸ்டிக்கிலோ மூன்று நான்கு துண்டாகச் செய்து மூட்டுப் போட்டதும் உண்டு. நடுவில் ஒரே மூட்டோடு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வழுக்கிக்கொண்டு வருவதை கிளைட் பெயிட் என்பார்கள்.

இது வளர்ந்தது தென் கலிஃபோர்னியாவில். அங்குள்ள ஏரிகளில் குளிர்காலத்தில் தூண்டில்காரர்களுக்காக வானவில் டிரவுட் மீன்களைக் கொண்டுவந்து விடுவார்கள். அதைத் தின்று தின்று ஏரியில் இருந்த பாஸ் மீன்கள் கொழுத்துப் போயின. ஓரடி டிரவுட்டை விழுங்குகிற மீனுக்கு இரண்டு அங்குலப் புழுவைக் காட்டி என்ன பயன் என்று யோசித்த சிலர், 1980களின் கடைசியிலும் 1990களிலும் டிரவுட் உருவத்திலேயே பெரிய பெரிய லூர்களைச் செய்ய ஆரம்பித்தார்கள். அப்புறம் ஜப்பான்காரர்கள் அதை இன்னும் நுணுக்கமாக்கினார்கள். இதில் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: அந்தத் தண்ணீரில் அந்த மீன் எதைத் தின்கிறதோ, லூர் அந்த அளவு, அந்த உருவம். கீழே வருகிற பாதிக் கேள்விகளுக்கு இதுவே பதில்.

யூடியூப்ல காட்டுற பாஸ் மீன் நம்ம ஊர்ல கிடைக்குமா?

அந்த வாய் பெருத்த பாஸ் இங்கே இல்லை. அது வட அமெரிக்க நன்னீர் மீன். எங்கிருந்தாவது குஞ்சு வாங்கி ஏரியில் விடலாமா என்று இரண்டு பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஆப்பிரிக்கக் கெளுத்தியும், கண்ணாடித் தொட்டி சுத்தம் செய்ய வாங்கிய டேங்க் கிளீனர் மீனும் நம் ஏரிகளில் பெருகி என்ன ஆனது என்று பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

நமக்குக் கொடுவா இருக்கிறது. ஓட்டல் மெனுவில் சீ பாஸ் என்று போடுவதும், ஆஸ்திரேலியாக்காரர்கள் பார்ராமுண்டி என்பதும், கொல்கத்தாவில் பேட்கி என்பதும் இதைத்தான். பெயரில் பாஸ் இருந்தாலும் குடும்பம் வேறு, ஆப்பிரிக்காவின் நைல் பெர்ச்தான் இதற்குச் சொந்தக்காரன். ஆனால் குணம் பாஸ் மாதிரியேதான். மறைவில் நிற்கும், பதுங்கும், வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து இரையை உறிஞ்சும். ஆகவே பாஸுக்காக அவர்கள் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி கொடுவாவுக்கும் செல்லும். 2010இல் குவீன்ஸ்லாந்தின் மொண்டுரான் ஏரியில் தூண்டிலில் சிக்கிய கொடுவா 44.64 கிலோ. பாஸில் உலக சாதனை 10 கிலோவை ஒட்டித்தான் நிற்கிறது. நம் மீன் ஒன்றும் குறைந்ததில்லை.

இவ்ளோ பெருசா போட்டா மீன் பயந்து ஓடாதா? எத்தனை இன்ச் வாங்கலாம்?

காலையில் ஓரத் தண்ணீரில் மடவைக் கூட்டம் போவதைக் கவனியுங்கள். ஒவ்வொன்றும் ஒரு சாண் இருக்கும். மூன்று கிலோ கொடுவா அதைத்தான் விரட்டுகிறது. அப்படி இருக்க ஆறு அங்குல லூரைப் பார்த்து அது ஏன் பயப்படப் போகிறது? முழங்கை நீளம்கூட இல்லாத கொடுவா தன் உடம்பில் பாதி நீள லூரை அடித்து வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அமெரிக்காவில் எட்டு, பத்து அங்குலம் சாதாரணம். சென்னைக் கழிமுகங்களுக்கு ஐந்திலிருந்து ஏழு அங்குலம் போதும் என்பது என் கணக்கு. முதல் லூராக ஐந்து அங்குலத் துடுப்பு வால் ஒன்று வாங்குங்கள். மடவை பெருத்து ஓடுகிற நாளில் ஏழுக்குப் போங்கள். தண்ணீரில் இறாலும் பொடிமீனும் மட்டுமே தெரிகிற நாளில் பெரிய லூரைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு மூன்று அங்குலம் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

என்கிட்ட விரால் ராடு இருக்கு, அதுலயே இதைப் போடலாமா?

விராலுக்குத் தவளை உருவ லூர் வீசும் ராடாக, அதாவது தூண்டில் கழியாக, இருந்தால், முதலில் கைப்பிடிக்கு மேலே எழுதியிருப்பதைப் படியுங்கள். எத்தனை கிராம் வரை வீசலாம் என்று இருக்கும். ஏழு அங்குல மெத்தென்ற லூர் தூண்டில் முள்ளோடும் ஈயத்தோடும் சேர்ந்து 50, 60 கிராம் வந்துவிடும். 20 கிராம் ராடில் அதை வேகமாக வீசினால் நுனி முறியும். இதே ஆசையில் ஒரு நல்ல ராடை நான் இழந்திருக்கிறேன். ஐந்து அங்குல லூர் 25, 30 கிராமுக்குள் அடங்கும், அதை ஓரளவு கெட்டியான விரால் ராடு தாங்கும்.

தனியாக வாங்குவதாக இருந்தால் ஏழு முதல் ஏழரை அடி, 80 கிராம் வரை எழுதியது. நுனி கொஞ்சம் வளைய வேண்டும். விறைப்பாக இருந்தால் கொடுவா லூரை உறிஞ்சுகிற அந்தக் கணத்தில் ராடு விட்டுக்கொடுக்காது, லூர் வாய்க்குள் முழுதாகப் போகாது. வீசுவதிலும் ஒரு பழக்கம் வேண்டும். சுண்டாதீர்கள். லூரைப் பின்னால் தொங்கவிட்டு, இரண்டு கையாலும் மெதுவாக ஆரம்பித்துத் தள்ளிவிடுங்கள், கனம் தானே கொண்டுபோகும்.

தங்கூசி போதாதா? பிரெய்டு, லீடர்னு ஏன் இவ்ளோ செலவு?

தங்கூசியில், அதாவது நைலான் நரம்பில், கொடுவா பிடித்தவர்கள் காசிமேட்டிலும் பழவேற்காட்டிலும் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தங்கூசி இழுபடும். நாற்பது மீட்டர் தள்ளி அடி விழும்போது, அதாவது மீன் லூரைக் கவ்வும்போது, பெரிய லூரின் தடித்த முள்ளைக் கெட்டியான தாடையில் ஏற்ற அந்த இழுவை விடாது. அதனால் ரீலில் 30 அல்லது 40 பவுண்டு தாங்கும் பிரெய்டு, அதாவது பின்னிய நரம்பு, ரீல் ஸ்பின்னிங் என்றால் 4000 அளவு.

லூருக்கு முன்னால் கட்டுகிற தடித்த நரம்பான லீடரில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. கொடுவாவுக்கு வெட்டுகிற பல் இல்லை, அரம் மாதிரிச் சொரசொரப்புதான். வெட்டுவது செவுள் மூடி, அதன் விளிம்பு பிளேடு. மீன் தலையை உதறும்போது நரம்பு அதில் உரசினால் முடிந்தது. 50, 60 பவுண்டு லீடர், இரண்டு கை விரித்த நீளம். அதற்கு மேல் சிப்பி ஒட்டிய தூண்கள் வேறு இருக்கின்றன. லூரை லீடரில் கட்டும்போது இறுக்கிக் கட்டாமல் சிறு வளையம் விட்டுக் கட்டுங்கள், லூர் தாராளமாக ஆடும்.

சென்னையில எங்க போடலாம்? இடத்தைச் சொல்லுங்க ப்ரோ.

பெயர்களை எல்லாரும் அறிவார்கள்: முட்டுக்காடு உப்பங்கழி, கோவளம் முகத்துவாரம், வடக்கே எண்ணூர்க் கழிமுகம், இன்னும் வடக்கே பழவேற்காடு. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலுக்குள் நீட்டிப் போட்டிருக்கும் தூண்டில் வளைவுக் கற்களிலும் ஆட்கள் நிற்பார்கள், அங்கே பாறை, ஷீலா மீன்கள் அதிகம்.

பெயரைவிட, அந்த இடத்துக்குள் எங்கே என்பதுதான் விஷயம். ஓடுகிற தண்ணீரும் நிற்கிற தண்ணீரும் உரசுகிற கோடு, பாலத் தூணின் பின்பக்கம், திட்டு முடிந்து பள்ளம் தொடங்கும் விளிம்பு, சின்ன வாய்க்கால் வந்து கலக்கிற முனை, இரவில் விளக்கொளியும் நிழலும் பிரிகிற வரி. கொடுவா ஓட்டத்தில் நின்று சக்தியை வீணாக்காது. மறைவில் நின்று, ஓட்டம் கொண்டுவரும் மடவையை எடுக்கும். புது இடத்துக்குப் போனால் முதல் அரைமணி நேரம் ராடைத் தொடாமல் தண்ணீரை மட்டும் பாருங்கள். முட்டுக்காட்டில் பல இடங்களில் ஆளுயர ஆழம்கூட இல்லை, ஆகவே ஓரடிப் பள்ளம்கூட அங்கே பெரிய விஷயம்.

பாலத்தின் மேல் சாலையோரம் நின்று வீசாதீர்கள், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகள் வருகிற வேகம் தெரியும். படகுகள் போய் வருகிற இடத்திலும் வேண்டாம். தண்ணீரில் இறங்கி நடந்தால் பாதத்தைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள், திருக்கை மணலுக்குள் படுத்திருக்கும். சிப்பி காலைக் கிழிக்கும், பழைய ஷூ போட்டுக்கொள்ளுங்கள். வளைவுக் கற்களில் பாசி படிந்த பச்சைக் கல்லில் கால் வைக்காதீர்கள், தனியாகவும் போகாதீர்கள்.

எந்த மாசம் நல்லது?

கொடுவா சூட்டுக்குப் பழகிய மீன், சென்னையில் அதற்குக் குளிர் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. இங்கே கணக்கு வெயிலில் இல்லை, முகத்துவாரத்தில் இருக்கிறது. கோடையில் அலை மணலைத் தள்ளி முகத்துவாரத்தை மூடிவிடும், உள்ளே தண்ணீர் தேங்கும். வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் வந்து உடைத்துக்கொண்டு போகும். உடைந்த சில நாள் தண்ணீர் செம்மண் குழம்பாகவும் உப்பில்லாமலும் இருக்கும், அப்போது பெரிய லூரோடு போனால் வெறுங்கையோடுதான் வரவேண்டும். கலங்கல் அடங்கி, கடல் தண்ணீர் உள்ளே வந்து போக ஆரம்பித்ததும், டிசம்பர் கடைசியிலிருந்து வாசல் திறந்திருக்கும் வரை எனக்கு நல்ல காலம். வாடைக்காற்று எதிரே அடிக்கிற நாளில் பெரிய லூர் பாதி தூரம்கூடப் போகாது, காற்றுக்கு முதுகு காட்டும் கரையாகப் பாருங்கள்.

நேரம் கேட்டால் விடியலும் அந்தியும் என்று எல்லாரும் சொல்வார்கள். அதைவிட முக்கியம் அடுத்த பதில்.

ஓதம் பாக்கணும்னு சொல்றீங்க, எனக்குத் தலையும் புரியல காலும் புரியல.

கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும். ஒரு ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே சுமார் ஆறு மணி நேரம். மறுநாள் அதே ஏற்றம் ஐம்பது நிமிடம் போலத் தள்ளி வரும். இந்த சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மீன் அடித்த இடம் அடுத்த சனிக்கிழமை ஆறு மணிக்குச் செத்துக் கிடப்பது இதனால்தான்.

வீட்டில் தொங்குகிற தினசரி காலண்டரே போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் அதிகம், தண்ணீர் வேகமாக ஓடும். அட்டமி, நவமி வாக்கில் ஓட்டம் மந்தம். இறங்குகிற தண்ணீரின் கடைசி ஒன்றரை மணி நேரமும், ஏற ஆரம்பிக்கிற முதல் ஒரு மணி நேரமும் எனக்குப் பிடித்தவை. தண்ணீர் இறங்கும்போது மேட்டில் மேய்ந்த மடவையெல்லாம் பள்ளத்துக்கு வந்துதான் ஆகவேண்டும், கொடுவா வாசலில் காத்திருக்கும். ஒன்றைக் கவனியுங்கள், ஓத அட்டவணையில் இருப்பது துறைமுக நேரம். கழிக்குள்ளே தண்ணீர் வந்து சேரத் தாமதமாகும், எவ்வளவு என்பது இடத்துக்கு இடம் மாறும். ஒரு குச்சியை நட்டு வைத்து இரண்டு மூன்று தடவை பார்த்தால் உங்கள் இடத்தின் கணக்கு கிடைத்துவிடும். முகத்துவாரம் மூடியிருந்தால் இந்தக் கணக்கு எதுவும் இல்லை, அப்போது விடியலையும் அந்தியையும் நம்புங்கள்.

எவ்வளவு வேகமா சுத்தணும்?

நீங்கள் மெதுவு என்று நினைப்பதில் பாதி. வால் ஆடுகிறது என்பது ராடு வழியாகக் கைக்குத் தெரிய வேண்டும், அதற்கு எவ்வளவு குறைந்த வேகம் போதுமோ அவ்வளவுதான். கரையோரம் லூரைக் காலடியில் விட்டு இழுத்துப் பார்த்து அந்த வேகத்தை மனதில் வைத்துக்கொண்டு வீசுங்கள்.

எட்டு பத்துச் சுற்றுக்கு ஒருமுறை நிறுத்துங்கள். நிறுத்தும்போது லூர் தலை குனிந்து அமிழும், பெரும்பாலான அடி அப்போதுதான் விழுகிறது. சில லூர் பெட்டிகளில் ஆர்.ஓ.எஃப் என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். பத்து நொடியில் ஏறக்குறைய எத்தனை அடி அமிழும் என்பதற்கான குறி அது. நம் ஆழமில்லாத தண்ணீருக்குச் சின்ன எண்ணாக வாங்குங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு வீச்சும் சேற்றில்தான் முடியும்.

என்ன கலர் வாங்கறது?

இதற்கு இவ்வளவு கவலை தேவையில்லை. தெளிந்த தண்ணீரில் முதுகு கறுத்து வயிறு வெளுத்த மடவை நிறம். கலங்கலில் தங்க நிறம். இருட்டில் கறுப்பு, கீழிருந்து பார்க்கிற மீனுக்கு வானத்துக்கு எதிரே உருவம் தெரிய வேண்டும், அவ்வளவுதான். மூன்றுக்கு மேல் வாங்குகிற காசை முள்ளில் போடுங்கள்.

டொக் டொக்னு தட்டுது, எடுத்துப் பாத்தா வால் மட்டும் இல்ல. கொடுவாவா?

இல்லை, பேத்தை. அரைவட்டமாகக் கத்தரித்த மாதிரி வெட்டு இருந்தால் சந்தேகமே வேண்டாம். அதன் பல் கிளியின் அலகு மாதிரி. ஒரு பாக்கெட் லூரை ஒரே காலையில் தின்றுவிட்டுப் போய்விடும். இடத்தை மாற்றுங்கள், அல்லது வால் வேண்டாத கெட்டி லூருக்கு மாறுங்கள். பேத்தை முள்ளில் மாட்டினால் வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், அது விஷ மீன், குழம்பு வைத்தாலும் விஷம் போகாது.

கொடுவா தட்டாது. நரம்பு திடீரென்று தளரும், அல்லது யாரோ கதவை இழுத்துச் சாத்தியது மாதிரி ஒரே அடி. மேல்தண்ணீரில் எடுத்தால் பொப் என்று சத்தம் கேட்கும், அது வாய் திறந்து உறிஞ்சுகிற சத்தம். ஒருமுறை கேட்டால் மறக்காது.

அடி விழுந்துச்சு, இழுத்தேன், ஒரு தடவை குதிச்சுது, லூரைத் துப்பிட்டுப் போயிடுச்சு. எங்க தப்பு?

மூன்று இடத்தில் பாருங்கள். முதலில் முள். பெரிய லூரோடு வருகிற முள் பல சமயம் மெல்லிசு, கொடுவாவின் தாடையில் நிமிர்ந்துவிடும். தடித்த, கூர்மையான முள்ளாகவும் கெட்டியான வளையமாகவும் மாற்றுங்கள். நகத்தின் மேல் முள்ளை வைத்து இழுத்தால் வழுக்கக் கூடாது, கொத்தி நிற்க வேண்டும்.

இரண்டாவது, முள் எங்கே இருக்கிறது. கொடுவா பெரும்பாலும் தலைப்பக்கம்தான் உறிஞ்சும், ஆகவே முள் வயிற்றுக்கு முன்னால் இருக்க வேண்டும். முதுகில் ஒற்றை முள் மட்டும் உள்ள பெரிய லூரில், வாய்க்குள் ரப்பர் மடிந்து முள்ளை மூடிவிடும். அப்படிப்பட்ட லூருக்கு அடிவயிற்றில் ஒரு மும்முனை முள்ளை உறுதியான நரம்பால் கட்டித் தொங்கவிடலாம்.

மூன்றாவது, குதிக்கும்போது ராடைத் தூக்கிப் பிடிப்பது. அறுபது கிராம் லூர் அதன் வாயில் ஆடுகிறது, தலையை உதறினால் அந்தக் கனமே முள்ளைக் கழற்றும். நரம்பு தண்ணீரை விட்டு மேலே ஏற ஆரம்பித்தால் மீன் குதிக்கப் போகிறது என்று அர்த்தம். ராடு நுனியைத் தண்ணீருக்குள் அழுத்திப் பக்கவாட்டில் இழுங்கள். நரம்பு தளரவே கூடாது. இதில் எனக்கு இரண்டு சீசன் போனது, அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

பின்னாடியே வருது, காலடி வரைக்கும் வந்து பாத்துட்டுத் திரும்பிடுது. என்ன செய்யறது?

முதலில் சந்தோஷப்படுங்கள், இடமும் நேரமும் சரி. பெரிய லூருக்கு இது சகஜம். அளவு பெரிதாக இருப்பதால் தூரத்திலிருந்தே வந்து பார்க்கும், ஆனால் பார்ப்பதற்கு நேரமும் கிடைத்துவிடுகிறது. நீங்கள் ஒரே சீராகச் சுற்றிக்கொண்டே இருந்தால் அதற்கு அவசரம் வராது. பின்னால் நிழல் தெரிந்ததும் இரண்டு சுற்று வேகமாகச் சுற்றி டக்கென்று நிறுத்துங்கள். விரட்டப்பட்ட மடவை தடுமாறுவது போல் இருக்க வேண்டும். மெதுவாக்குவதுதான் பெரும்பாலானவர்கள் செய்கிற தவறு, மெதுவாக்கினால் அது இன்னும் நன்றாகப் பார்க்கும்.

கிளைட் பெயிட் இந்த இடத்தில் உதவும். ரீல் கைப்பிடியைக் கால் சுற்று வெட்டி வெட்டிச் சுற்றினால் அது மீனைப் பார்த்துத் திரும்பி நிற்கிற மாதிரி வழுக்கும். அப்படியும் எடுக்காவிட்டால் உடனே அதே லூரை அதன் தலையில் போடாதீர்கள். கால் மணி நேரம் விட்டு, வேறு கோணத்திலிருந்து, ஓர் அளவு சின்ன லூரை ஓட்டத்தோடு இறக்குங்கள். கரையில் நிற்கும் உங்கள் நிழலும் காரணமாக இருக்கலாம். இரண்டடி பின்னால் நின்று பாருங்கள்.

பெரிய லூர் போட்டா பெரிய மீன் கேரண்டியா? ஆறு மாசமா ஒண்ணும் வரல.

இல்லை. பெரிய லூர் சின்ன மீன்களைக் கொஞ்சம் வடிகட்டும், பெரிய மீனை வரவழைக்காது. 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் 1932ஆம் ஆண்டின் பாஸ் சாதனையைச் சமன் செய்த மீன் எந்த லூரிலும் வரவில்லை, உயிருள்ள சின்ன மீனைக் கோத்துப் பிடித்தது. லூர் போட்டுப் பிடிப்பதற்குப் புகழ்பெற்ற ஏரியிலேயே அப்படி.

ஆறு மாதம் என்று சொன்னவரிடம் எத்தனை மணி நேரம் லூர் சரியான ஓதத்தில் சரியான இடத்தில் தண்ணீருக்குள் இருந்தது என்று கேட்டேன். கூட்டிப் பார்த்தால் பத்து மணி நேரம்கூட இல்லை, மீதியெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி வெயில். நான் ஒரு சின்ன நோட்டில் தேதி, திதி, தண்ணீர் ஏறியதா இறங்கியதா, நிறம், மடவை தெரிந்ததா, அடி விழுந்ததா என்று ஒரு வரி எழுதுகிறேன். வெறும் நாளையும் எழுத வேண்டும், அதுதான் பின்னால் உதவுகிறது. ஒரு வருடம் எழுதினால் எந்த லூர் விளம்பரமும் சொல்லாதது தெரியவரும்.

வலைக்காரங்க சத்தம் போடறாங்க. நாம வீசறது தப்பா?

அவர்களுக்கு அது பிழைப்பு. நமக்கு அது விடுமுறை நாள். வலை மிதப்பு தெரிகிற இடத்துக்குப் பக்கத்தில் மும்முனை முள் போட்ட லூரை வீசினால் வலை கிழியும், கிழிந்த வலையைத் தைக்க ஒரு நாள் வேலை போகும். பழவேற்காட்டில் பாடு என்ற முறை தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. எந்த இடத்தில் யார், எந்த நாள் வலை போடுவது என்று முறை வைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். வெளியிலிருந்து போகிற நாம் அதற்குள் நுழையக் கூடாது. போனதும் கரையில் இருக்கிற பெரியவரிடம், "ஐயா, இங்க வீசலாமா, வலை எங்க இருக்கு?" என்று கேளுங்கள். இடம் காட்டுவதோடு தண்ணீர் எப்போது திரும்பும் என்பதையும் சேர்த்தே சொல்வார்கள், என் நோட்டில் இருக்கிற நல்ல வரிகள் பல அப்படி வந்தவை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடை விசைப்படகுகளுக்கு. கரையில் நின்று தூண்டில் போடுபவருக்கு அது பொருந்தாது என்றாலும், அந்த நாட்களில் பிடிப்பதையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு போவது எனக்குச் சரியாகப் படவில்லை. செம்பரம்பாக்கம், புழல், பூண்டி எல்லாம் குடிநீர் ஏரிகள், கேட்காமல் போய் நிற்காதீர்கள்.

பைக் பாக்ஸ்ல வெச்சிருந்தேன், லூர் எல்லாம் ஒட்டிக்கிட்டு வால் கோணிடுச்சு. தூக்கிப் போடவா?

வேண்டாம். கோணிய வாலைக் கொதித்து இறக்கிய வெந்நீரில் சில நொடி பிடித்து, நேராக்கி, குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள், பழைய மாதிரி வந்துவிடும். ஒன்றோடொன்று உருகி ஒட்டியிருந்தால் வேறு வேறு வகை ரப்பரைக் கலந்து வைத்திருக்கிறீர்கள். நன்றாக இழுபடுகிற எலாஸ்டெக் வகையைச் சாதாரண மென் பிளாஸ்டிக்கோடு சேர்த்து வைத்தால் இரண்டும் கூழாகும். வாங்கிய பாக்கெட்டிலேயே வைத்திருங்கள். மே மாத வெயிலில் மூடிய பெட்டியில் வைக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் முள்ளையும் வளையத்தையும் நல்ல தண்ணீரில் அலசிக் காயவையுங்கள், உப்பு ஒரே வாரத்தில் தின்றுவிடும்.

பிடிச்ச கொடுவாவை சாப்பிடலாமா?

கொடுவா ருசியான மீன், அதில் இரண்டு பேச்சில்லை. தண்ணீர்தான் கேள்வி. அடையாறு, கூவம் முகத்துவாரங்களிலும் எண்ணூரிலும் பிடித்ததை நான் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. சாக்கடையும் ஆலைக் கழிவும் கலக்கிற இடம், எண்ணூர்ப் பக்கம் 2017இலும் 2023 டிசம்பர் வெள்ளத்திலும் எண்ணெய் படர்ந்ததை ஊரே பார்த்தது. முட்டுக்காடு, பழவேற்காடு என்றால் ஒன்றரை இரண்டு கிலோ மீன் ஒன்று, வீட்டுக்கு அது போதும்.

பெருசு ஒண்ணு சிக்குச்சு, எட்டு கிலோ இருக்கும். விட்டுடுன்னு சொல்றாங்க. ஏன் விடணும்? விட்டாலும் பிழைக்குமா?

கொடுவா பெரும்பாலும் ஆணாகத்தான் முதிர்கிறது. சில வருடம் ஆணாக இருந்து, வளர்ந்தபின் பெண்ணாக மாறுகிறது. எட்டு கிலோ என்றால் கிட்டத்தட்ட நிச்சயமாகத் தாய்மீன். முட்டை உப்புத் தண்ணீரில், முகத்துவாரத்தை ஒட்டித்தான் இடும். அந்த அளவு மீன் லட்சக்கணக்கில் இடும், இன்னும் பெருத்தால் கோடியைத் தொடும். சாந்தோமில் இருக்கிற மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் இந்தியாவில் முதன்முதலாகக் கொடுவாவை அடைத்து வைத்துக் குஞ்சு பொரிக்க வைத்தது 1997இல். அவ்வளவு மெனக்கெட்டு மனிதன் செய்வதை அந்த ஒரு மீன் தானாகச் செய்துகொண்டிருக்கிறது. பெரிய லூர் தேடிப் போகிற நமக்குத்தான் இந்த மீன்கள் சிக்கும் வாய்ப்பு அதிகம், ஆகவே நமக்குத்தான் இந்தப் பொறுப்பும் அதிகம். ஐந்து கிலோவுக்கு மேல் எதையும் நான் எடுப்பதில்லை.

பிழைக்குமா என்பது நீங்கள் எப்படிப் பிடித்தீர்கள் என்பதைப் பொறுத்தது. மேலே சொன்ன கனமான லீடரும் ராடும் இதற்கும்தான், நீண்ட நேரம் இழுத்து அதைக் களைக்க வைக்கக் கூடாது. முள்ளின் எதிர்க்கூரைக் குறடால் நசுக்கி வைத்திருந்தால் சட்டென்று கழலும். சூடான கல்லிலோ மணலிலோ போடாதீர்கள். தாடையில் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிட்டுப் படம் எடுப்பதுதான் பெரிய மீனுக்குச் செய்கிற கெடுதல், அதன் எடை முழுக்கக் கழுத்தில் விழும். ஒரு கை தாடையில், இன்னொரு கை வயிற்றுக்கடியில், படுக்கை வசமாகத் தண்ணீரை ஒட்டியே தூக்குங்கள். கைகளை முதலில் நனைத்துக்கொள்ளுங்கள், செவுள் மூடியிலிருந்து விரலைத் தள்ளி வையுங்கள். நண்பர் போனைத் தயாராக வைத்திருந்தால் ஒரு படத்துக்குப் பத்து நொடி போதும்.

அப்புறம் ஓட்டத்துக்கு எதிராகத் தலையை வைத்துத் தண்ணீருக்குள் பிடித்துக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் ஆட்ட வேண்டாம், செவுள் திறந்து மூடுவதை மட்டும் பாருங்கள். ஒரு நிமிடமும் ஆகலாம், ஐந்து நிமிடமும் ஆகலாம். முதலில் உடம்பு நேராக நிற்கும், பிறகு வால் லேசாக அசையும். அப்போது விட்டால் சிலது மல்லாந்துவிடும். தானே திமிறி உங்கள் கையிலிருந்து உருவிக்கொண்டு போகும் வரை பிடித்திருங்கள்.